தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஜப்பானிய வாளா? கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் முத்திரைகளைப் படிப்பது எப்படி?

சித்தூரிலோ திருப்பதியிலோ உங்கள் பூர்வீக வீட்டைக் காலி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்குகிறது. உள்ளே பழைய காக்கிச் சட்டை, சில மெடல்கள், துணியில் சுற்றிய நீண்ட வாள் ஒன்று. "உங்க கொள்ளுத்தாத்தா பர்மா சண்டையில இருந்து கொண்டுவந்தது" என்கிறார் பாட்டி. அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

அடுத்து என்ன செய்வீர்கள்? பலரும் முதலில் துருவைத் தேய்க்கிறார்கள். சிலர் போட்டோ எடுத்து விற்பனைத் தளத்தில் போடுகிறார்கள். சிலர் ஆயுத பூஜைக்குப் பளபளப்பாக்கலாமே என்று சாணை பிடிப்பவரிடம் கொடுக்கிறார்கள். மூன்றுமே அவசரம். அந்த வாள் யார் செய்தது, எப்போது செய்தது, யார் சோதித்து அனுப்பியது என்ற விவரம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஆனால் அது வெளியே தெரியாது. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும்.

சுருக்கமாக:

• போர்க்கால ஜப்பானிய வாள்களில் பல, தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்யப்பட்டவை. சில, கொல்லர் கையால் மரபு முறையில் அடித்தவை. அவற்றைப் பிரித்துக் காட்டும் முதல் தடயம் முத்திரை.
• கைப்பிடிக்குள் இருக்கும் இரும்பின் துருவை ஒருபோதும் தேய்க்கக் கூடாது.
• வாளோடு கட்டியிருக்கும் துணித்துண்டு, மரச்சில்லு எதையும் தூக்கிப் போடக் கூடாது.
• வீட்டில் வைத்திருக்கலாமா, விற்கலாமா என்பதற்கு இரண்டு இந்தியச் சட்டங்களைப் பார்க்க வேண்டும்.

இந்த வாள் நம்ம ஊருக்கு எப்படி வந்தது?

இன்று சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் இருக்கின்றன. ஆனால் இரண்டாம் உலகப் போர் நடந்தபோது சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆந்திர மாநிலம் பிறந்தது 1953 அக்டோபர் 1-ல்தான். அதற்கும் முன்னால், 1911 வரை, பழைய வடஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகரமே சித்தூர்தான். வேலூர், குடியாத்தம், சித்தூர் என்று இந்த வட்டாரம் முழுக்க ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய மண். வேலூர் பக்கத்தில் கம்மவான்பேட்டை இன்றும் ராணுவ ஊர் என்றே பெயர் பெற்றது.

மெட்ராஸ் ரெஜிமென்ட், பாலமும் சாலையும் போட்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப் பல பிரிவுகளில் தென்னிந்தியர்கள் பர்மா போர்முனைக்குப் போனார்கள். 1944 மார்ச் முதல் ஜூலை வரை இம்பாலிலும் கோஹிமாவிலும் நடந்த சண்டையில் ஜப்பானின் முன்னேற்றம் உடைந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது.

வாள்கள் பெருமளவில் கை மாறியது அதற்குப் பிறகு. தென்கிழக்கு ஆசியாவின் நேச நாட்டுப் படைத் தலைவர் மவுண்ட்பேட்டன், ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் வாளை நேரில், எல்லோர் முன்னிலையிலும் ஒப்படைக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். சிங்கப்பூரில் 1945 செப்டம்பர் 12-ல் முறையான சரணாகதி நடந்தது. அந்தமானில் அக்டோபரில் நடந்தது. ஜப்பானியத் தளபதி தெராவுச்சி அதே ஆண்டு நவம்பரில் சைகோனில் தன் இரண்டு வாள்களை மவுண்ட்பேட்டனிடமே கொடுத்தார். பர்மா, மலாயா, சிங்கப்பூர் முகாம்களில் இப்படிக் குவிந்த வாள்களில் ஒரு பகுதி, போரில் இருந்தவர்களுக்கு நினைவுப் பொருளாகக் கிடைத்தது. அதனால் இந்தியப் படையில் இருந்தவர் வீட்டில் இப்படி ஒரு வாள் இருப்பதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

முத்திரை எதற்கு?

திருப்பதியில் நகைக்கடைக்குப் போனால் இப்போது நாம் என்ன கேட்கிறோம்? "ஹால்மார்க் இருக்கா, ஆறு இலக்க அடையாள எண் இருக்கா?" நகை அழகாக இருக்கிறதா என்பதை அந்த முத்திரை சொல்லாது. யார் சோதித்தார்கள், எந்தத் தரம் என்பதைத்தான் சொல்லும். வாளில் இருக்கும் முத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஜப்பானின் மரபு வாள், இரும்பு மணலை உருக்கி எடுக்கும் தமஹாகனே என்ற எஃகை மடித்து மடித்து அடித்து, தண்ணீரில் தோய்த்துக் கெட்டிப்படுத்துவது. ஒரு வாளுக்கே வாரக்கணக்கில் ஆகும். ஆனால் 1930களில் ஜப்பானிய ராணுவம் வேகமாகப் பெருத்தது. அதிகாரிகளுக்கு வாள் வேண்டும், உடனே வேண்டும். அதனால் ஆலை எஃகை எடுத்து, இயந்திரச் சுத்தியால் அடித்து, எண்ணெயில் தோய்த்துச் செய்யும் வாள்கள் வந்தன. சேகரிப்பாளர்கள் இவற்றை ஷோவாதோ என்கிறார்கள். ஷோவா என்பது அன்றைய பேரரசர் ஹிரோஹிட்டோ ஆட்சிக் காலத்தின் பெயர்.

இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். எந்த வாள் எந்த வகை, யார் தணிக்கை செய்தார்கள் என்பதைக் காட்ட முத்திரை குத்தும் பழக்கம் வந்தது.

முதல் கேள்வி: உங்களிடம் இருப்பது எந்த வகை?

முத்திரையைத் தேடும் முன் வாளின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் முத்திரை எங்கே இருக்கும் என்பது வகையைப் பொறுத்தது.

ஒன்று, ராணுவ அதிகாரி வாள். கைப்பிடியில் மீன்தோல் போன்ற சொரசொரப்பு, அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய நாடா. இடையிடையே சாய்சதுர இடைவெளிகள். 94, 98 என்ற எண்களால் இவற்றைக் குறிப்பிடுவார்கள். அது ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கின் கடைசி இரண்டு இலக்கம். 2594 என்றால் நம் கணக்கில் 1934. 2598 என்றால் 1938. வித்தியாசம் 660 ஆண்டுகள்.

இரண்டு, சார்ஜென்ட் போன்ற கீழ்நிலை அலுவலர்களுக்கு அரசே கொடுத்த வாள். வகை எண் 95, அதாவது 1935. இதன் கைப்பிடி உலோக வார்ப்பு. ஆரம்பத்தில் செம்பு, பிறகு பெயின்ட் அடித்த அலுமினியம். நாடா சுற்றியது போலத் தெரியும், ஆனால் தொட்டுப் பார்த்தால் ஒரே வார்ப்பு. போர் முடியும் தறுவாயில் மரக் கைப்பிடிகளும் வந்தன. அலகில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும்.

மூன்று, கடற்படை அதிகாரி வாள். 1937-ல் வந்தது. பெரும்பாலும் கறுப்பு உறை, பொன்முலாம் பூசிய பித்தளைப் பொருத்துகள். உப்புக்காற்றைத் தாங்க வேண்டும் என்பதால் பல அலகுகள் துருப்பிடிக்காத எஃகு.

கைப்பிடியில் குஞ்சம் தொங்கினால் அதன் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ராணுவ அதிகாரி வாளில் பழுப்போடு நீலம் இருந்தால் லெப்டினன்ட், கேப்டன் மட்டம். பழுப்போடு சிவப்பு இருந்தால் மேஜர் முதல் கர்னல் வரை. ஆனால் குஞ்சம் எளிதில் மாறக்கூடியது. அதை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

கைப்பிடியைக் கழற்றலாமா?

95 வகை சார்ஜென்ட் வாள் என்றால் கழற்றவே வேண்டாம். அதன் கைப்பிடியைத் திருகாணி பிடித்திருக்கும். தேவையான எண்ணும் முத்திரைகளும் வெளியிலேயே இருக்கின்றன. திருகாணியைத் தொட்டால் அதன் தலையில் விழும் கீறலே மிச்சம்.

அதிகாரி வாள் என்றால் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். கைப்பிடிக்குள் போகும் அலகின் அடிப்பகுதியை ஜப்பானியர் நகாகோ என்கிறார்கள். நாம் அடித்தண்டு என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியையும் அடித்தண்டையும் சேர்த்துப் பிடிப்பது பெரும்பாலும் ஒரு சிறு மூங்கில் ஆணிதான். அது ஒரு பக்கம் சிறுத்து, மறுபக்கம் பருத்திருக்கும். சிறுத்த பக்கத்திலிருந்து மரக்குச்சியை வைத்து மெதுவாகத் தட்டினால் வெளியே வந்துவிடும். பிறகு முனை மேலே இருக்குமாறு வாளைச் சற்றுச் சாய்த்து, ஒரு கையால் கைப்பிடியின் அடியைப் பிடித்து, அந்த மணிக்கட்டை மறு கையின் முஷ்டியால் லேசாகத் தட்ட, அலகு தளரும்.

வரவில்லையா? விட்டுவிடுங்கள். ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். எண்பது ஆண்டுகளாக இறுகிய துரு அது. மேலும், இந்த அலகுகள் இன்றும் விரலைத் துண்டாக்கும் கூர்மையோடு இருக்கலாம். குழந்தைகள் இருக்கும் அறையில் இந்த வேலை வேண்டாம்.

ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: அடித்தண்டில் இருக்கும் துருவைத் தொடக் கூடாது. புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அந்தத் துருவின் நிறமும் ஆழமும்தான் வாளின் வயதுக்குச் சாட்சி. தேய்த்துவிட்டால் எழுத்தும் மங்கும், சாட்சியும் போய்விடும். அலகின் வெளிப்பகுதிக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டுப் பூசலாம். ஆயுத பூஜை அன்று சந்தனமும் குங்குமமும் வைக்கத் தோன்றினால் உறைக்கு வையுங்கள். ஈரமான குங்குமம் எஃகில் உட்கார்ந்தால் அடுத்த பூஜைக்குள் அங்கே ஒரு துருப்புள்ளி இருக்கும்.

அடித்தண்டில் எந்த முத்திரை என்ன சொல்கிறது?

வாளின் முனை மேலே இருக்குமாறு பிடியுங்கள். எழுத்துகள் மேலிருந்து கீழாக ஓடும். பலர் தலைகீழாகப் போட்டோ எடுத்துவிட்டு, "இது சீன எழுத்தா, ஜப்பானிய எழுத்தா?" என்று குழம்புவது இதனால்தான். மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்தால் பள்ளங்கள் நிழலாகத் தெரியும். முகப்பவுடரைத் துளி தூவி விரலால் தடவினாலும் கோடுகள் வெள்ளையாக எழும். பிறகு மென்துணியால் துடைத்துவிடலாம்.

உளியால் வெட்டிய நீண்ட வரிசை, கொல்லரின் பெயர். அதற்கு மேலேயோ ஆணித்துளை அருகிலேயோ, சில சமயம் அலகின் முதுகுப் பக்கத்திலோ சிறிதாகக் குத்தியிருப்பதுதான் முத்திரை. பெயர் உளியால் வெட்டியது, முத்திரை அச்சால் குத்தியது. இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். அதிகம் கிடைக்கும் முத்திரைகள் இவை:

ஷோ முத்திரை. இடது பக்கம், நடுவில் கோடு போட்ட நின்ற பெட்டி. வலது பக்கம் மேலே வளைந்த கத்தி போல ஓர் எழுத்து, கீழே ஒரு காலிப் பெட்டி. ஷோவா என்ற சொல்லின் முதல் எழுத்து இது. கிஃபு மாநிலத்தில் உள்ள செகி என்ற ஊரின் கத்தித் தயாரிப்பாளர் சங்கத்தோடு இணைத்துப் பார்க்கப்படுவது. 1930களின் பின்பாதியிலும் 1940களின் தொடக்கத்திலும் செய்த வாள்களில் வரும். பொருள்: மரபு முறை அல்லாத வாள்.

செகி முத்திரை. இரட்டைக் கதவு போட்ட வாசல் போன்ற வடிவம், உள்ளே சில கோடுகள். ஊரின் பெயரே முத்திரை. ஷோ முத்திரைக்குப் பிறகு, 1940களில் போர் முடியும் வரை வந்தது. செகி நூற்றாண்டுகளாகக் கத்திக்குப் பேர்போன ஊர். போர்க்கால வாள்களில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது. அங்குள்ள கொல்லர்களில் பலருடைய பெயர் 'கானே' என்று தொடங்கும்.

நட்சத்திர முத்திரை. ஐந்து முனை கொண்ட சின்ன நட்சத்திரம், வழக்கமாகப் பெயருக்கு மேலே. இதைப் பார்த்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். ராணுவம் தேர்ந்தெடுத்த கொல்லர்களுக்கு அரசே தமஹாகனே எஃகும் கரியும் கொடுத்து மரபு முறையில் செய்யச் சொன்ன வாள்களில் வருவது இது. போரின் பிற்பகுதியைச் சேர்ந்தது. தொழிற்சாலைச் சரக்கு என்று நினைத்துச் சாணை பிடித்துவிட்டால், ஒரு கைவினைஞரின் வேலை ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

நங்கூர முத்திரை. வட்டத்துக்குள் நங்கூரம் இருந்தால் டொயோகவா கடற்படை ஆயுதச்சாலை. பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு அலகு.

'தெற்கு' முத்திரை. மேலே ஒரு கூட்டல் குறி, கீழே வாசல் திறந்த வீடு போன்ற சட்டம். தென் மஞ்சூரிய ரயில்வே நிறுவனம் இன்றைய சீனாவின் தாலியன் நகரில் செய்த வாள்களில் வரும். ஆமாம், ரயில்வே கம்பெனி வாள் செய்தது. மஞ்சூரியக் குளிரில் உடையாத எஃகு வேண்டும் என்று தன் ஆலையிலேயே தயாரித்தது. இந்த வாள்களில் 'கோவா இஷ்ஷின்' என்ற நான்கு எழுத்துத் தொடர் வெட்டப்பட்டிருக்கலாம். ஆசியாவை எழுப்ப ஒரே மனம் என்ற பொருளில் வந்த அரசியல் முழக்கம் அது.

முத்திரை தவிர, அடித்தண்டில் பெயின்ட்டால் எழுதிய எண்களும் இருக்கலாம். கைக்காப்புத் தட்டிலும் செம்பு வளையங்களிலும் குத்திய சின்ன எண்களையும் பாருங்கள். இவை தொழிற்சாலையில் எந்தப் பாகம் எந்த வாளோடு சேர வேண்டும் என்பதற்கான குறி. எல்லா வளையத்திலும் ஒரே எண் என்றால், பொருத்துகள் பிறந்தபோது இருந்தபடியே இருக்கின்றன என்று அர்த்தம்.

சார்ஜென்ட் வாளில் எண்ணைத் தேடுங்கள்

95 வகை வாளில் கொல்லர் பெயர் கிடையாது. அது முழுக்கத் தொழிற்சாலைப் பொருள். அதனால் அடையாளம் எல்லாம் எண்ணில்தான். கைக்காப்புக்கு மேலே அலகில் ஐந்து அல்லது ஆறு இலக்க எண் குத்தியிருக்கும். அதே எண் உறையின் வாய்ப் பகுதியிலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றானால் நல்லது. வேறு வேறானால் போலி என்று உடனே முடிவு செய்யாதீர்கள். சரணடைந்த முகாமில் நூற்றுக்கணக்கில் குவித்தபோது உறைகள் மாறியிருக்கலாம்.

எண் அருகிலும், கைப்பிடியின் மேல் வளையத்திலும் தணிக்கை முத்திரைகள் இருக்கும். மரத்தின் நடுவே சூரியன் மாட்டிக்கொண்டது போன்ற எழுத்து, 'கிழக்கு'. அது டோக்கியோ ஆயுதச்சாலைத் தணிக்கை. மேலே சாய்கோடுகளும் கீழே ஒரு பெட்டியும் இருந்தால் அது நகோயாவின் முதலெழுத்து. எழுத்தாக இல்லாமல் சின்னமாக இருந்தால், ஒன்றோடொன்று பின்னிய வட்டங்கள் கொகுரா ஆயுதச்சாலையை நோக்கிக் கை காட்டும். வட்டத்துக்குள் வளைந்த இரண்டு மீன்கள் நகோயாவின் சின்னம். நகோயா கோட்டைக் கூரையில் நிற்கும் மீன்களிலிருந்து வந்தது அது.

ஆக, ஒரே வளையத்தில் இரண்டு மூன்று குறிகள் இருந்தால் குழம்ப வேண்டாம். ஒன்று மேற்பார்வை பார்த்த ஆயுதச்சாலை, ஒன்று செய்த கம்பெனி, ஒன்று சோதித்தவர். மூன்று தனித்தனிக் கேள்விகளுக்கான மூன்று பதில்கள்.

தேதியைப் படிக்க ஜப்பானிய மொழி தெரிய வேண்டுமா?

தேவையில்லை. கூட்டல் தெரிந்தால் போதும்.

பெயருக்கு மறுபக்கத்தில் தேதி இருக்கலாம். முதல் எழுத்தைப் பாருங்கள். ஷோ முத்திரையில் பார்த்த அதே எழுத்தா? அப்படியானால் அது ஷோவா ஆண்டு. அதற்கடுத்து இன்னோர் எழுத்து, பிறகு எண். கூட்டல் குறி போல இருப்பது பத்து. படுக்கைக் கோடுகள் ஒன்று, இரண்டு, மூன்று. பெட்டிக்குள் இரண்டு கால்கள் இருந்தால் நான்கு. உச்சியில் ஒட்டாத கூரைச் சரிவுகள் போல இரண்டு கோடுகள் இருந்தால் எட்டு. கூட்டல் குறிக்குக் கீழே எட்டு வந்தால் பதினெட்டு.

கிடைத்த எண்ணோடு 1925-ஐக் கூட்டுங்கள். 18 + 1925 = 1943. ஷோவா 20 என்றால் 1945. அவ்வளவுதான்.

இதில் ஒரு சோதனையும் ஒளிந்திருக்கிறது. தேதி ஷோவா 25 என்று வந்தால்? அது 1950. அப்போது ஜப்பானிய ராணுவமே கிடையாது. ஒன்று நீங்கள் தவறாகப் படித்திருக்கிறீர்கள், இல்லையென்றால் அது போர்க்கால வாளே இல்லை.

முத்திரையே இல்லையென்றால்?

இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். முத்திரை இல்லை என்றால் மதிப்பில்லை என்று அர்த்தமல்ல. பல நேரம் நேர் எதிர்.

டோக்கியோவின் யாசுகுனி ஆலய வளாகத்தில் 1933 முதல் 1945 வரை சுமார் 8,100 வாள்கள் மரபு முறையில் செய்யப்பட்டன. அவற்றில் தணிக்கை முத்திரை இருக்காது. அந்தக் கொல்லர்களின் பெயர் 'யாசு' என்று தொடங்குவதே அடையாளம். கோபே நகரின் மினாதோகவா ஆலயத்தில் கடற்படைக்காகச் செய்த வாள்களில் முத்திரைக்குப் பதில், தண்ணீரில் மிதக்கும் சாமந்திப் பூ வடிவம் செதுக்கியிருக்கும்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. பல அதிகாரிகள் தங்கள் குடும்பத்துப் பழைய வாளையே ராணுவ உறையில் பொருத்திப் போருக்கு எடுத்துப் போனார்கள். வெளியே பார்த்தால் 1940. உள்ளே அலகு பல நூற்றாண்டு பழையது. அடித்தண்டு கருப்பழுப்பாக ஆழ்ந்து துருவேறி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆணித்துளைகள் இருந்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைப்பிடிக்குள் போயிருக்கிறது என்று பொருள். இத்தகைய வாளை, அந்தத் துறை தெரிந்தவர் பார்க்கும் வரை அசைக்காதீர்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இணையத்தில் 'ஒரிஜினல் ஜப்பான் மிலிட்டரி வாள்' என்று வருபவற்றில் புதிதாகச் செய்த நகல்கள் நிறைய. குறிப்பாக 95 வகைக்கு. நான்கு இடங்களைப் பாருங்கள்.

எண்: உண்மையான எண் சீராக, ஆழமாக, ஒரே வரியில் இருக்கும். நகலில் எண்கள் கோணல்மாணலாக இருக்கும். வேறு வேறு விற்பனையாளர்களிடம் அதே எண் திரும்பத் திரும்ப வரும்.

கைப்பிடி: உண்மையான வார்ப்பில் நாடாவின் முடிச்சுகளும் மீன்தோலின் புள்ளிகளும் துல்லியமாக இருக்கும். நகலில் வழவழவென்று மழுங்கியிருக்கும்.

அலையலையான கோடு: மரபு வாளின் விளிம்பில் தெரியும் அலைக்கோடு, சூடேற்றித் தோய்த்ததால் எஃகுக்குள்ளேயே உருவானது. நகலில் அதை அமிலத்தாலோ தேய்த்தோ வரைந்திருப்பார்கள். விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் பெயின்ட் போலத் தட்டையாகத் தெரியும்.

துரு: நிஜத் துரு உறுதியாக, கறுப்பு கலந்த பழுப்பாக இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் கையில் ஒட்டினால், அது சமீபத்தில் ஏற்றியதாக இருக்கலாம்.

எந்த ஓர் அறிகுறியையும் தனியாக நம்பாதீர்கள். டேட்டாவை வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு இது பழக்கமான விதி: வகை, முத்திரை, தேதி, பொருத்துகளின் எண், துரு, குடும்பக் கதை என ஆறு கட்டங்கள் போட்டு நிரப்புங்கள். ஒன்றுக்கொன்று முரண்படும் கட்டம் எது என்று பாருங்கள். 1945-ல் ஊர் திரும்பியவர் கொண்டுவந்ததாகச் சொல்லும் வாளில் எல்லாமே ஒத்துப்போனால், பாட்டி சொன்ன கதைக்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி சரியா?

இரண்டு சட்டங்கள் தொடர்புடையவை.

முதலாவது, 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம். 2016 ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட வாள், கட்டாரி போன்றவை ஆயுதப் பட்டியலில் வருகின்றன. ஆனால் துப்பாக்கியைப் போல எல்லா இடத்திலும் லைசென்ஸ் கட்டாயம் இல்லை. சட்டத்தின் 4-வது பிரிவின்படி, மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில்தான் இவற்றுக்கு லைசென்ஸ் தேவை. உங்கள் பகுதி அதில் வருகிறதா என்பதை உள்ளூர் காவல் நிலையத்திலோ கலெக்டர் அலுவலகத்திலோ கேளுங்கள். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானதால், திருப்பதிக்காரர்கள் இதற்குச் சித்தூர் வரை போக வேண்டியதில்லை. போகும்போது போட்டோவை எடுத்துப் போங்கள், வாளை அல்ல. பஸ்ஸிலோ ரயிலிலோ வாளைத் தூக்கிக்கொண்டு போவது தேவையில்லாத வம்பு.

இரண்டாவது, 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டம். 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமை கொண்ட கலைப் பொருட்கள் இதன்கீழ் தொல்பொருளாகலாம். 1938-ல் செய்த அலகுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. ஆனால் ராணுவ உறைக்குள் பழைய குடும்ப அலகு இருந்தால் நிலைமை வேறு. தொல்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. வெளிநாட்டு வாங்குபவர் ஒருவர் நல்ல விலை சொல்கிறார் என்று கூரியரில் போடும் முன், இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்பது உங்கள் பாதுகாப்புக்கு. முத்திரை தெரியாமல் வயது தெரியாது. வயது தெரியாமல் சட்டம் தெரியாது.

ஜப்பானுக்கே திருப்பி அனுப்பிவிடலாமா?

நல்ல எண்ணம்தான். ஆனால் இதில் ஒரு கசப்பான திருப்பம் இருக்கிறது. போருக்குப் பின் ஜப்பானில் தனியாரிடம் இருந்த வாள்கள் பெருமளவில் பறிமுதல் செய்யப்பட்டு அழிக்கப்பட்டன. கலைப்பொருளாக மதிக்கத்தக்கவை மட்டும் தப்பின. இன்றும் 1958-ல் வந்த சட்டத்தின்படி, மரபு முறையில் செய்த, கலை மதிப்புள்ள வாளை மட்டுமே அங்கே பதிவு செய்து வைத்திருக்க முடியும். ஆலை எஃகில் செய்த ஷோவாதோவைப் பதிவு செய்ய முடியாது. பதிவில்லாத வாளை வைத்திருக்க முடியாது.

அதாவது, ஷோ முத்திரையோ செகி முத்திரையோ உள்ள வாளை, "உங்கள் தாத்தாவுடையது" என்று அன்போடு அனுப்பிவைத்தால், அது அந்தக் குடும்பத்தின் கைக்குப் போகாமலேயே அழிக்கப்படலாம். நட்சத்திர முத்திரை உள்ள வாளுக்கு அங்கே வழி திறக்கக்கூடும். அடித்தண்டில் உள்ள ஒரு சின்ன முத்திரைதான் அந்த வாள் பிழைக்குமா, உருக்கப்படுமா என்பதையே தீர்மானிக்கிறது.

திருப்பி அனுப்புவதுதான் ஒரே வழி என்றில்லை. ரெஜிமென்ட் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. 2019-ல் மணிப்பூரில் திறந்த இம்பால் அமைதி அருங்காட்சியகம், அந்தப் போரின் இரு தரப்பு நினைவுகளையும் காட்டுகிறது. எங்கே கொடுத்தாலும், நீங்கள் நிரப்பிய அந்த ஆறு கட்டங்களையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். விவரம் இல்லாத வாள் வெறும் இரும்பு.

கடைசியாக ஒன்று

இந்த வாளை வெறும் வீரத்தின் சின்னமாக மட்டும் பார்க்க நமக்கு வசதி இல்லை. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஜப்பானிய ராணுவம் இழுத்துப் போனவர்களில் பல்லாயிரம் பேர் தமிழர்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட முழுமையாக இல்லை. அந்த முகாம்களில் காவல் நின்ற அதிகாரிகளின் இடுப்பிலும் இதே மாதிரி வாள்தான் தொங்கியது. வாளுக்கு எண் இருந்தது, தணிக்கை இருந்தது, முத்திரை இருந்தது. அந்த மனிதர்களுக்கு இல்லை.

அதனால்தான் பெயர் கிடைக்கும் இடத்தில் அதை விட்டுவிடக் கூடாது. சரணடையும்போது சில ஜப்பானியர்கள் தங்கள் வாளில் ஒரு துணித்துண்டையோ மரச்சில்லையோ கட்டி, அதில் தங்கள் பெயரையும் ஊரையும் எழுதினார்கள். ஒருநாள் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை. அலகில் இருக்கும் பெயர் செய்தவருடையது. அந்தத் துணியில் இருப்பதுதான் வைத்திருந்தவருடையது. பெட்டியைத் திறக்கும்போது அது பழைய கந்தலாகத்தான் தெரியும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்படியே பாட்டியிடம் இன்னொரு முறை உட்கார்ந்து பேசுங்கள். கொள்ளுத்தாத்தாவின் ரெஜிமென்ட் எது, எண் என்ன, எந்த ஊரில் இருந்து திரும்பி வந்தார், எந்த வருஷம் என்று கேட்டு, போனில் ரெக்கார்ட் செய்து வையுங்கள். முத்திரையை எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். பாட்டியின் ஞாபகத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.